அதே 3, ரிஸ்க்-வியில் ஏன் பக்கப் பிழை தருகிறது?

எக்ஸ்86 செயலியில் ஒழுங்காக ஓடிய உங்கள் சிறு கேர்னல் (இயங்குதளத்தின் கரு), வேறு வகைச் செயலியான ரிஸ்க்-வியில் நினைவகத்தில் எழுதப் போனதுமே பக்கப் பிழையில் (நினைவகப் பக்கத்தை அணுக முடியாதபோது செயலி எழுப்பும் பிழை) விழுகிறது என்கிறீர்கள். ஒவ்வொரு நினைவகப் பக்கத்தின் முகவரியையும் அனுமதிகளையும் வைத்திருக்கும் பக்க அட்டவணைப் பதிவின் கடைசியில் 3 (அதாவது 0ஆம், 1ஆம் பிட்டுகள் இரண்டும் 1) இடுகிறீர்களே, கோளாறு அங்கேதான்.

எக்ஸ்86-இல் 0ஆம் பிட் 'பக்கம் உண்டு', 1ஆம் பிட் 'எழுதலாம்'. ரிஸ்க்-வியில் 1ஆம் பிட் 'வாசிக்கலாம்' மட்டுமே; எழுத 2ஆம் பிட்டும் வேண்டும். ஆர்ம்64 என்ற செயலி வகை இன்னும் குறும்பு: அங்கே 7ஆம் பிட் 1 என்றால் எழுதக்கூடாது.

அதே பதிவில் உள்ள முகவரியையும் பாருங்கள். ரிஸ்க்-வியில் பக்க எண் எக்ஸ்86 போல 12ஆம் பிட்டில் அல்ல, 10இல் தொடங்குகிறது. கொழும்பு வெள்ளவத்தை அறையில் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து, இந்த இரண்டு பிட் இடைவெளியைத்தான் நான் கண்டுபிடித்தேன்; அதற்குள் கீழே காலி வீதியில் (Galle Road) விடியலின் முதல் பஸ் போய்விட்டது.

6, 7ஆம் பிட்டுகளையும் (தொடப்பட்டது, எழுதப்பட்டது) முன்கூட்டியே 1 ஆக்கிவிடுங்கள். சில ரிஸ்க்-வி செயலிகள் அவற்றைத் தாமாக மாற்றாமல் பிழையை எழுப்பும்.

லினக்ஸ் பொது நிரலில் இந்த எண்களே வராது. 'எழுதத்தக்கதாக்கு' என்ற பொருளில் ஒரு சிறு செயற்கூறை அழைக்கும். எந்தப் பிட் என்பதை அந்தந்தச் செயலிக் கட்டமைப்பின் கோப்பு சொல்லும். நீங்களும் அப்படியே பிரித்துவிடுங்கள்.