கையால் எழுதாத கணக்கு கணக்கே?

அன்புள்ள அக்கா,

எனக்கு 27 வயது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். நான் படிக்கப் போகும்போது அது வவுனியா வளாகம், 2021 இல் பல்கலைக்கழகம் ஆனது. பட்டத்தோடு வந்த எனக்கு முன் மேசையில் 58 வயது அண்ணை ஒருவர். 31 வருடச் சேவை.

நான் கம்பியூட்டரில் பதிகிற ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் அவர் திரும்பப் பேரேட்டில் எழுதுவார். என்னையும் எழுதச் சொல்வார். மாசியில் நெல் கொள்வனவு நடந்தபோது வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையாக நின்றன. நான் சிட்டையை அச்செடுத்துக் கொடுக்கப் போக, "பிள்ளை, நில்லு" என்று முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். விவசாயிகள் சத்தம் போட்டார்கள். "அண்ணை, இந்தக் காலத்தில் இதெல்லாம் தேவையில்லை" என்றேன். எல்லாருக்கும் முன்னால், "பட்டம் வாங்கினாப்போல கணக்குத் தெரியுமோ? கையால் எழுதாத கணக்கு கணக்கே?" என்றார். பின்பக்கம் போய் அழுதேன்.

அன்றிலிருந்து முகம் பார்த்துப் பேசுவதில்லை. கோப்பைக்கூட வேறு ஆளிடம் கொடுத்து விடுகிறார். வெள்ளிக்கிழமைகளில் பேரேடுகளைப் பொலித்தீனில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன், பதில் இல்லை. அம்மா "பெரியவர், பொறுத்துப் போ" என்கிறார். வேறு வேலைக்கு விண்ணப்பிக்க யோசிக்கிறேன். எனக்குத்தான் மரியாதை தெரியவில்லையா?

— ஒரு தங்கை

அன்புத் தங்கைக்கு,

மரியாதை தெரியாதவர் இப்படிக் கேட்டு எழுதமாட்டார். ஆட்களுக்கு முன்னால் அவர் உங்களைச் சொன்னது பிழை. எத்தனை வருடச் சேவையும் அதற்கு உரிமை தராது.

ஆனால் அந்தப் பொலித்தீன் வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் கணக்குப்படி அவர் வேலைக்குச் சேர்ந்தது 1995 இல், உங்களுடைய இதே வயதில். அப்போது வன்னியில் மின்சாரம் இல்லை. பெற்றோலும் பற்றரியும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் கணக்குப் பார்த்த காலம். அடுத்த வருடம் கிளிநொச்சியே இடம்பெயர்ந்தது. பிறகு 2009, போரின் கடைசி மாதங்கள். விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று நகர நகரச் சனம் ஒவ்வொரு பொருளாகக் கைவிட்டது. மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பியவர்களில் எத்தனை பேர் காணி அனுமதிப்பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்றார்கள்! கையில் கடதாசி இருந்தவர் பாடு கொஞ்சம் இலேசாக இருந்தது. இதெல்லாம் என் ஊகம்தான். உங்கள் அண்ணைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, நீங்களும் தோண்டிக் கேட்கவேண்டாம். சொல்ல நினைத்தால் அவராகவே சொல்வார்.

அப்புறம், 2009 இல் உங்களுக்கும் பத்து வயது. அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதத்தான் வேண்டும் என்றில்லை. எப்போதாவது சொல்லவேண்டும் போல இருந்தால் நான் இருக்கிறேன்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஓய்வுக்கு நெருங்கிய மனிதரின் காதில் "தேவையில்லை" என்ற சொல் எப்படி விழுந்திருக்கும்? நீங்கள் பேரேட்டைச் சொன்னீர்கள். தன்னைச் சொன்னதாக அவர் எடுத்திருக்கலாம். முகம் பார்க்காமல் இருப்பதில் கோபத்தோடு வெட்கமும் கலந்திருக்கலாம்.

ஆட்கள் இல்லாத தேநீர் நேரமாகப் பார்த்து நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். கம்பியூட்டரில் தொடங்கவேண்டாம். "அண்ணை, அண்டைக்கு ஆக்களுக்கு முன்னால தேவையில்லை எண்டு சொன்னது என்ர பிழை. நீங்கள் சொன்னதும் எனக்கு நல்லா நொந்தது" என்று இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றை விழுங்கிவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் மனம் ஆறாது. பதில் உடனே வராவிட்டால் விடுங்கள், நாலு நாள் போகட்டும்.

பிறகு வேலையைப் பேசலாம். கொள்வனவு நாட்களில் சிட்டையை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் அவர் கையெழுத்து வைத்துக் கோப்பில் போடட்டும். பேரேட்டில் நாள் மொத்தத்தை மட்டும் மாலையில் இரண்டு பேருமாக ஒப்பிட்டு எழுதுங்கள். கம்பியூட்டர் கணக்கைப் பென்டிரைவில் ஏற்றும்போது அவரைப் பக்கத்தில் இருத்திக் காட்டுங்கள், அதை எங்கே வைப்பது என்று அவரையே கேளுங்கள். ஒரு பிரதி பத்திரமாக இருக்கிறது என்று கண்ணால் கண்டால் அவருக்குப் பாதிப் பாரம் இறங்கும் என்று நம்புகிறேன். முகாமையாளரின் சம்மதத்தையும் வாங்கிவிடுங்கள்.

இதற்குப் பிறகும் ஆட்களுக்கு முன்னால் ஏசினால் முகாமையாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அம்மா சொல்வதுபோல எல்லாவற்றையும் பொறுக்கச் சொல்லமாட்டேன். வேறு வேலைக்கு விண்ணப்பிப்பதும் உங்கள் உரிமை, அழுத அன்றைக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை அவர் பேரேடுகளைச் சுற்றும்போது, ஒன்றும் கேட்காமல் பொலித்தீனின் மற்ற நுனியைப் பிடித்துக் கொடுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா