டாக்டர் கைக்கு அடியில உங்க கை

அண்ணா வணக்கம்,

எனக்கு 41 வயசு. போன மாசம் வயித்து வலின்னு டாக்டர்கிட்ட போனேன். படுங்கன்னு சொல்லிட்டு வயித்தை அமுக்கிப் பாக்க வந்தார், கை பட்டதுமே நான் சிரிச்சுக்கிட்டே சுருண்டுட்டேன். வலிக்குதுன்னு வந்தவன் இப்படிச் சிரிக்கிறானேன்னு நர்ஸம்மா வேற பாக்குறாங்க, மானமே போச்சு. மூணு தடவை ட்ரை பண்ணிட்டு அவர் "உங்க கையை வயித்துல வைங்க"ன்னார். என் கை மேல அவர் கையை வச்சு அமுக்குனார், கூச்சம் போன இடம் தெரியல. அப்புறம் மெதுவா என் கையை எடுக்கச் சொல்லிட்டு அவரே பாத்து முடிச்சார். இது எப்படிண்ணா? வீட்ல சொன்னா என் மனைவி "நீங்கதான் கூச்ச சுபாவமாச்சே, அதான்"ங்கிறா. இன்னொண்ணு, பையனுக்கு 5 வயசு. மச்சான் வந்தா அவனைப் புடிச்சு வச்சு கிச்சுகிச்சு மூட்டுவார், மூச்சு முட்டுற வரைக்கும் சிரிப்பான், கடைசில அழுதுருவான். "சிரிக்கிறான்ல, புடிச்சிருக்குன்னுதான அர்த்தம்"ங்கிறார். அப்படியா?

கே., திருச்சி

அன்புள்ள கே,

வயித்து வலி என்னாச்சுன்னு கடைசி வரைக்கும் எழுதவே இல்லையே, சரியாப் போச்சா?

உங்க வீட்டம்மா சொன்னதை முதல்ல பாத்துருவோம். தப்பு அவங்க மேல இல்ல, தமிழ் மேல. புது ஆளைப் பாத்தா கூச்சம், வெயில்லேர்ந்து வந்தா கண்ணு கூசுது, ஐஸைக் கடிச்சா பல்லு கூசுது, விலாவுல விரல் பட்டா உடம்பு கூசுது, எல்லாத்துக்கும் ஒரே சொல்லைப் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கோம். அதுக்காக பல்லு கூசுறவன் எல்லாம் வெக்கப்படுறவன்னு சொல்ல முடியுமா. மைக்கைக் குடுத்தா திருப்பித் தராத ஆளு ஒருத்தர் எனக்கு சொந்தம், உள்ளங்கால்ல துண்டு நுனி பட்டாப் போதும் மனுசன் கட்டிலை விட்டு எந்திரிச்சு ஓடுவார்.

இந்த உடம்புக் கூச்சத்துலயே ரெண்டு இருக்கு. 1897லயே ஸ்டான்லி ஹால், ஆர்தர் ஆலின்னு ரெண்டு அமெரிக்க உளவியல்காரங்க இதைப் பிரிச்சு வாயில நுழையாத பேரா வச்சுட்டுப் போயிட்டாங்க. எறும்பு ஊர்ற மாதிரி லேசா வர்ற குறுகுறுப்புக்கு நிஸ்மீசிஸ், விரலை விட்டு அழுத்தி நோண்டுனா வெடிச்சு சிரிப்பு வருதே அதுக்கு கார்கலீசிஸ். முதல் வகைல சிரிப்பெல்லாம் வராது, தட்டி விடணும் சொறியணும்னுதான் இருக்கும், மாட்டு முதுகுல ஈ உக்காந்தா அந்த இடத்துத் தோல் மட்டும் வெடவெடன்னு சிலுப்புமே அதுவும் இந்த வகையறாதான். இதை நமக்கு நாமே வர வச்சுக்கலாம், இதைப் படிச்சுக்கிட்டே நாக்கு நுனியால மேல் அண்ணத்தை லேசாத் தடவிப் பாருங்க, குறுகுறுங்கும். ஆனா ரெண்டாவது வகை இருக்கே, உங்களை அங்க படுக்கைல சுருட்டிப் போட்டது, அதுக்கு கண்டிப்பா இன்னொரு ஆளு வேணும். உங்க கையை நீங்களே கக்கத்துல விட்டு எவ்வளவு நோண்டினாலும் ஒண்ணும் நடக்காது.

ஏன் நடக்காதுங்கிறதுதான் உங்க டாக்டர் செஞ்ச வேலைக்கும் பதில். நாம கையை அசைக்கும்போது மூளை தசைக்கு ஆர்டர் போடுறதோட நிக்கிறதில்ல, அந்த ஆர்டருக்கு ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிட்டு, இப்ப இந்த இடத்துல இவ்வளவு அழுத்தமா ஒரு தொடல் வரப்போகுதுன்னு முன்கூட்டியே கணக்கு போட்டுருது, வந்த தொடலும் கணக்கும் ஒத்துப்போச்சுன்னா அட நம்ம ஆளுதான்னு அந்த உணர்ச்சியோட சவுண்டைக் குறைச்சிருது. 1998ல லண்டன்ல சாரா ஜேன் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிறிஸ் ஃப்ரித் மூணு பேரும் ஆளுங்களை ஸ்கேன் மெஷினுக்குள்ள படுக்க வச்சு உள்ளங்கையை ஸ்பாஞ்சால தடவிப் பாத்தாங்க. அடுத்தவங்க தடவுனா தொடலைப் பதிவு பண்ற பகுதி நல்லா வேலை செய்யுது, தானே தடவிக்கிட்டா அடங்கிப் போகுது, இந்தக் கணக்குல சிறுமூளைக்குப் பங்கு இருக்குன்னு வந்துச்சு.

இதுக்கு அடுத்த வருசம் பண்ணதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. நடுவுல ரோபோவை வச்சாங்க. நீங்க இடது கையால ஒரு கைப்பிடியை ஆட்டுனா, ரோபோ அதே மாதிரி ஸ்பாஞ்சை ஆட்டி உங்க வலது உள்ளங்கையைத் தடவும். உடனுக்குடனே தடவுனா பெருசா கூச்சம் இல்ல. நீங்க ஆட்டுனதுக்கும் அது தடவுறதுக்கும் நடுவுல கொஞ்சம் லேட் பண்ணி விட்டாங்க, லேட் ஆக ஆக கூச்சம் ஏறுது. எவ்வளவு லேட்டுங்கிறீங்க, நொடியில பத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு, மூணு பங்கு, அவ்வளவுதான். ஆட்டுறது என்னமோ நீங்களேதான், ஆனா டைமிங் ஒத்துவரலைன்னதும் மூளை இது எவனோன்னு முடிவு கட்டிருது.

இப்ப உங்க வயித்துக்கு வருவோம். டாக்டர் கை தனியா வரும்போது எங்க விழும் எப்ப அழுத்தும்னு மூளைகிட்ட ஒரு தகவலும் இல்ல. நடுவுல உங்க கை வந்ததும் வயித்துல படுறது உங்க உள்ளங்கை, அதுவும் மூளைக்குத் தெரிஞ்ச கை, அந்த நேரத்துக்கு வயித்துலேர்ந்து வர்ற கூச்சத்தோட சவுண்டை மூளை குறைச்சு வச்சிருது. பெர்லின்ல 2022ல வெளியிட்ட ஒரு ஆய்வுல, இன்னொருத்தர் கிச்சுகிச்சு மூட்டும்போது கூடவே தன் உடம்பைத் தானும் தொட்டுக்கிட்டா கூச்சம் குறையுதுன்னு காட்டியிருக்காங்க, கிட்டத்தட்ட உங்க டாக்டர் செஞ்சதேதான். பழைய டாக்டருங்க நிறைய பேர் கையில இருக்கற வித்தை இது.

அடுத்து மச்சான் மேட்டர். சிரிக்கிறான், அதனால புடிச்சிருக்கு. இந்தக் கணக்கு ஒத்துவருமா? முதல்ல இந்தச் சிரிப்பு எங்கேர்ந்து வருதுன்னு பாக்குறதுக்கு ஒரு அப்பா தன் சொந்தப் புள்ளையையே வச்சுப் பாத்திருக்கார், அவர் பேரு கிளாரன்ஸ் லூபா, அமெரிக்காவுல ஒஹாயோ மாகாணத்து ஆன்டியாக் கல்லூரில உளவியல் புரொஃபசர், 1930கள்ல. அவர் சந்தேகம் என்னன்னா, கிச்சுகிச்சு மூட்டும்போது குழந்தை தானாச் சிரிக்குதா, இல்ல நாம சிரிக்கிறதைப் பாத்து சிரிக்கக் கத்துக்குதா. அதனால வீட்ல ரூல் போட்டார், சிரிச்சுக்கிட்டே யாரும் புள்ளையைக் கிச்சுகிச்சு மூட்டக் கூடாது, எப்ப மூட்டணுமோ அப்ப அவர் மட்டும் மூஞ்சிக்கு முன்னாடி ஒரு அட்டை முகமூடியைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுக்கு மட்டும் ஓட்டை, சிரிக்காம, எந்த இடம் முதல்ல எது அடுத்துன்னு ஒரு வரிசை வச்சு விரலை விடுவார். அந்த வீட்டம்மாவை நினைச்சுப் பாருங்க! ஒரு நாள் குளிப்பாட்டிட்டு மறந்து போய் மடில போட்டு ஆட்டிக் கொஞ்சிட்டாங்களாம், அதையும் ஆராய்ச்சிக் குறிப்புல எழுதி வச்சிருக்கார். கடைசில என்னாச்சுன்னா ஏழு மாசத்துல பையன் முகமூடியைப் பாத்துக்கிட்டே கெக்கெக்கேன்னு சிரிச்சான். விடலயே மனுசன், அடுத்துப் பொறந்த பொண்ணுக்கும் இதே கதை, அதுவும் சிரிச்சுச்சு.

1999ல கலிஃபோர்னியா சான் டியேகோவுல கிறிஸ்டின் ஹாரிஸ், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்டுன்னு ரெண்டு பேரு இன்னொண்ணு பண்ணாங்க. ஆளுங்க கண்ணைக் கட்டி, ஒரு தடவை மனுசன் ஒரு தடவை மெஷின் உங்க பாதத்துல கிச்சுகிச்சு மூட்டப்போகுதுன்னு சொன்னாங்க. மெஷினாவது ஒண்ணாவது, மேசைக்கு அடியில ஒளிஞ்சிருந்த ஆளுதான் ரெண்டு தடவையும். மெஷின்னு நம்புனப்பவும் அதே அளவு சிரிப்பு. ஜோக்குக்குச் சிரிக்கிற சிரிப்பு வேற, இது வேற. தும்மல் மாதிரி தன்னால வர்றதை வச்சு புடிச்சிருக்குன்னு எப்படி முடிவு பண்றது?

முழுக்க தும்மல்னும் சொல்லிர முடியாது, ஏன்னா பயம் வந்தா இது அடங்கிருது. எலிக்குக் கூட கிச்சுகிச்சு உண்டு தெரியுமா, யாக் பாங்க்செப்னு ஒரு மூளை ஆராய்ச்சிக்காரர் (இவரும் ஒஹாயோதான், அந்த ஊருக்கு இதுல என்ன வேண்டுதலோ) எலிங்களை மூட்டிப் பாத்து, அதுங்க 50 கிலோஹெர்ட்ஸ்ல, நம்ம காதுக்கு எட்டாத சுருதில, கீச்சுகீச்சுங்குதுன்னு கண்டுபுடிச்சார், கையை எடுத்தா கை பின்னாலயே ஓடி வருமாம். 2016ல பெர்லின்ல ஷிம்பெய் இஷியாமாவும் மிஷாயெல் பிரெஷ்ட்டும் இதே மாதிரி கீச்சுங்கிற எலிங்களை உசரமான மேடைல பளீர் வெளிச்சத்துல ஏத்தி விட்டு மூட்டுனாங்க. அதே விரல், அதே வயிறு, ஆனா கீச்சு நின்னுபோச்சு. டார்வின் 1872லயே சொல்லிட்டார், முன்பின் தெரியாத ஆளு மூட்டுனா குழந்தை சிரிக்காது, அலறும்னு. உங்க பையனுக்கு மாமா தெரிஞ்ச ஆளுதான், அதனால சிரிக்க ஆரம்பிக்கிறான், புடிச்ச புடியை விட மாட்டேங்கிறார்னு ஆனதும் விளையாட்டு விளையாட்டா இல்லாமப் போயிருது, சிரிப்பு போய் அழுகை வந்துருது.

நம்ம பாட்டிங்க ஆடுற நண்டு ஊருது நரி ஊருது இருக்கே, அதைக் கவனிச்சிருக்கீங்களா? உள்ளங்கைல பருப்பு கடைஞ்சு எல்லாருக்கும் ஊட்டிட்டு ரெண்டு விரல் முழங்கையைத் தாண்டும்போதே குழந்தை தோளைச் சுருக்கிக்கிட்டு சிரிக்க ஆரம்பிச்சிரும், விரல் இன்னும் கக்கத்தைத் தொட்டிருக்காது. எங்க போகுதுன்னு அதுக்கு நல்லாத் தெரியும், எந்த நொடிங்கிறதுதான் தெரியாது. நடுவுல கையை உருவிக்கிட்டா பாட்டி விட்டுருவா. எங்க வீட்டுச் சின்னக்குட்டி அப்படித்தான் உருவிக்கிட்டு ஓடும், ரெண்டு நிமிசம் கழிச்சு அதுவே உள்ளங்கையை விரிச்சுக்கிட்டு வந்து நிக்கும்.

மச்சான்கிட்ட பக்குவமாச் சொல்லிப் பாருங்க. அதுவரைக்கும் பையனுக்கு உங்க டாக்டர் வித்தையைச் சொல்லிக் குடுங்க, மாமா கை விலாவுக்கு வந்தா தள்ளிவிடாம உன் கையை அங்க வச்சுக்கோடா, அவர் உன் கை மேலயே நோண்டிக்கிட்டு இருக்கட்டும்னு.