ஸ்ட்ராபெர்ரியை முதல்முறை திறக்கிறீர்களா? மூன்று இடம் தொட்டால் போதும்

வாசகர் கேள்வி: லினக்ஸ் மின்டில் ஸ்ட்ராபெர்ரி பிளேயர் போட்டேன். அப்பா சேர்த்து வைத்த சினிமாப் பாட்டெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. பிளேயரைத் திறந்தால் காலியாக நிற்கிறது, செட்டிங்ஸில் போனால் பக்கம் பக்கமாக ஏதேதோ. எதை மாற்றுவது, எதை விடுவது?

அந்தப் பக்கங்களில் முக்கால்வாசியை நீங்கள் திறக்கவே வேண்டாம். அமரோக் 1.4 என்ற பழைய பிளேயரை ஒட்டி வந்தது கிளமென்டைன் என்ற பிளேயர், அதிலிருந்து 2018-இல் பிரிந்து வந்தது ஸ்ட்ராபெர்ரி. மூன்று தலைமுறைச் சாமான் ஒரே வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் இடம் செட்டிங்ஸில் கலெக்‌ஷன் பக்கம். பாட்டு இருக்கும் ஃபோல்டரைச் சேருங்கள். முழு டிஸ்க்கையும் காட்டிவிடாதீர்கள், வாட்ஸ்அப் குரல் பதிவு வரை எல்லாம் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். அதே பக்கத்தில், காணாமல் போன பாட்டுகளை 'கிடைக்கவில்லை' என்று குறித்து வைக்கும் விருப்பம் ஒன்று இருக்கும். வெளி டிஸ்க் வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் டிக் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒருநாள் டிஸ்க்கைச் செருக மறந்து பிளேயரைத் திறந்தாலும் நீங்கள் போட்ட ஸ்டார், எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கு எதுவும் அழியாது.

அடுத்ததில்தான் நம் ஆட்கள் நிறைய பேர் வெறுத்துப்போய் பிளேயரையே தூக்கிவிடுகிறார்கள். ஸ்ட்ராபெர்ரி பாட்டுகளை ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் பெயரில் அடுக்குகிறது. பாட்டு ஃபைலுக்குள் எழுதியிருக்கும் விவரங்களை டேக் என்பார்கள்; நம் சினிமாப் பாட்டின் டேக்கில் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும், ஆர்ட்டிஸ்ட் கட்டத்திலோ பாட்டுக்குப் பாட்டு வேறு பாடகர். அதனால் ஒரு படத்தின் ஆறு பாட்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் 'வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்ற தலைப்புக்குள் மற்ற எல்லாப் படங்களோடும் போய்க் குவிந்துவிடும், வேறு வேறு ஃபோல்டரில் சிதறிக் கிடந்தால் ஒரே படம் நாலைந்து பாடகர் பெயரில் துண்டு துண்டாகத் தெரியும். இதற்கு வழி சுலபம். ஆறு பாட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து, டேக் திருத்தும் பெட்டியைத் திறந்து, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரை ஒரே ஒரு முறை எழுதிச் சேமியுங்கள். எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம்: இன்று 'இளையராஜா' என்று தமிழிலும் நாளை ஆங்கிலத்திலும் எழுதினால் அவர் இரண்டு ஆளாகிவிடுவார். எல்லாப் படத்தையும் ஒரே நாளில் முடிக்க உட்காராதீர்கள், கேட்கக் கேட்கத் திருத்துங்கள். டேக்கில் கம்போசர் (இசையமைப்பாளர்) கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறதா, அப்படியானால் இந்த வேலையே வேண்டாம், குரூப் பை மெனுவில் முதல் நிலைக்கு கம்போசரைக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது சத்தம். ஒரு பாட்டு கிணற்றுக்குள் கேட்கும், அடுத்தது காதைக் கிழிக்கும். அப்பா காலத்துத் தொகுப்பில் இது இருக்கத்தான் செய்யும். பாட்டுகளின் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் ரீப்ளே கெய்னை செட்டிங்ஸில் ஆன் செய்து ரேடியோ முறையில் வையுங்கள். ஆனால் பாட்டுக்குள் அதற்கான டேக் இருந்தால்தான் அது வேலை செய்யும். இல்லையென்றால் ஆர்எஸ்கெய்ன் (rsgain) என்ற சின்ன நிரலை ஃபோல்டர் மேல் ஒருமுறை ஓடவிடுங்கள். அது ஒலியைத் தொடாது, எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்ற எண்ணை மட்டும் டேக்கில் எழுதி வைக்கும்.

சத்தம் எந்த வழியாக வெளியே போகிறது என்ற அவுட்புட்டை ஆட்டோமேட்டிக்கிலேயே விட்டுவிடுங்கள். தரம் கூடும் என்று யாரோ சொன்னார்கள் என்று ஆல்சா (லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பு) கருவியை நேரடியாகத் தேர்ந்தெடுத்தால், பாட்டு ஓடும்போது பிரவுசரில் வீடியோ ஊமையாகிவிடும்.

அப்புறம், ஸ்டார் எல்லாம் போட்டு முடித்தபின் ஹோம் ஃபோல்டருக்குள் அவை பதிவாகும் ஸ்ட்ராபெர்ரி.டிபி (strawberry.db) என்ற ஃபைலைத் தேடி, அந்த வெளி டிஸ்க்கிலேயே ஒரு நகல் போட்டு வையுங்கள்.