கொழும்பில் இருந்துகொண்டு ஸ்பானிய மொழியின் அடிப்படை இலக்கணத்தையும் அன்றாடப் பேச்சையும் கற்பது எப்படி?

ஆங்கிலத்தைச் சுற்றிப் போகாமல் தமிழிலிருந்து நேரே போங்கள். முதலில் நான் சேர்ந்த வகுப்பு ஆங்கில வழி. 'மே குஸ்தா எல் தே' என்ற வாக்கியத்தில் 'நான்' எங்கே என்று பல வாரம் தேடினேன். ஒருநாள் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு நின்றபோது கொப்பியில் தமிழை எழுதிப் பார்த்தேன். எனக்குத் தேநீர் பிடிக்கும். மே என்றால் எனக்கு, குஸ்தா என்றால் பிடிக்கும்! நாம் பிறந்ததிலிருந்து பேசும் அமைப்பு அது.

வினையும் அப்படித்தான். ஆப்லோ பேசுகிறேன், ஆப்லாஸ் பேசுகிறாய், ஆப்லாமோஸ் பேசுகிறோம். விகுதியே ஆளைக் காட்டுவதால் 'நான்', 'நீ' பெரும்பாலும் வேண்டாம். நீ, நீங்கள் போல தூ, உஸ்தேத் உண்டு.

சொற்களுக்கு உங்கள் அம்மம்மாவிடம் போங்கள். 1505இல் வந்த போர்த்துக்கேயர் 1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தாலும் அவர்களுடைய சொற்கள் நம் வீடுகளில் தங்கிவிட்டன. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் லத்தீனின் பிள்ளைகள். அதனால் குசினி அங்கே கொசினா, சப்பாத்து சபாத்தோ, மேசை மேசா, அலுமாரி அர்மாரியோ. 'குசினிக்குள்ள பாண் இருக்கு' என்பதை 'ஐ பான் என் லா கொசினா' என்பார்கள். கதிரையில் மட்டும் கவனம்: ஸ்பானியத்தில் கதேரா என்றால் இடுப்பு, கதிரைக்கு சியா.

சிரமம் எங்கே? மேசை பெண்பால், சப்பாத்து ஆண்பால். இதற்கு எப்போதும் பொருந்தும் குறுக்குவழி இல்லை, லா மேசா, எல் சபாத்தோ என்று சேர்த்தே பாடமாக்குங்கள். அப்புறம் 'இருத்தல்' என்ற பொருளுக்கே சேர், எஸ்தார் என்று இரண்டு வினைகள். தமிழில் வினையே தேவைப்படாத இடத்தில் ('நான் கணக்காளர்') சேர் வரும். 'வீட்டில் இருக்கிறேன்', 'களைப்பாக இருக்கிறேன்' என்றால் எஸ்தார். 'அவள் உயரமாக இருக்கிறாள்' போன்ற நிலையான குணங்களில் இந்த விதி சறுக்கும், அங்கே சேர்தான். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் குறிக்காதீர்கள். பெசோ என்று எழுதினால் அது எடையா முத்தமா என்று தெரியாது. முதல் எழுத்தின் ஒலிதான் வித்தியாசம், அதைக் காதால் கேட்டே பழக வேண்டும்.

பேச்சுக்கு, தினமும் வீட்டில் சொல்லும் ஐந்து வாக்கியங்களை ஸ்பானியத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்கு உதவியது அதுதான். போன மாதம் காலிமுகத்திடலில் ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் அம்மா இறால் வடையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். என்னைப் பார்த்து, "பிக்கா?" என்றார். உறைக்குமா? நம்மைப் போலவே ஒரே சொல்லில்.

"ஸி, ஊன் போக்கோ" என்றேன். ஓம், கொஞ்சம். அவர் கடித்தார்.