வாசகர் கேள்விகள்: எரிக் ஆம்ப்ளரின் நாவல்கள்

கேள்வி: ஜேம்ஸ் பாண்ட் கதைகளுக்கும் ஜான் லெ காரேயின் உளவு நாவல்களுக்கும் முன்னோடி எரிக் ஆம்ப்ளர் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவரைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: 1909ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர் ஆம்ப்ளர். தாயும் தந்தையும் கேளிக்கை மேடைகளில் ஆடிப் பாடிப் பிழைத்த கலைஞர்கள். மகனோ உதவித்தொகை பெற்றுப் பொறியியல் படிக்கப் போனார், படிப்பை முடிக்காமலே ஒரு மின்சாதன நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார், அங்கிருந்து விளம்பரத் துறைக்கு நகர்ந்து விளம்பர வாசகங்கள் எழுதினார். இயந்திரங்கள் எப்படி வேலை செய்கின்றன, பொருள்கள் எப்படி விற்கப்படுகின்றன என்ற இரண்டையும் அருகிலிருந்து பார்த்த அந்த அனுபவம் அவருடைய நாவல்கள் முழுவதிலும் தெரியும்.

அவர் எழுத வந்த காலத்தில் பிரிட்டிஷ் உளவுக் கதை என்றால் அதற்கு ஓர் அச்சு இருந்தது. நாட்டுப்பற்று மிக்க, வசதியான, குதிரையேற்றமும் துப்பாக்கியும் அறிந்த கனவான் கதாநாயகன். அவனுக்கு எதிரில் உலகையே கவிழ்க்கத் திட்டமிடும் அயல்நாட்டு வில்லன். பாசிசம் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இந்தக் கதைகள் வெறும் பொய்யாக மட்டுமல்லாமல், அயலார் மீதான வெறுப்பை வளர்ப்பவையாகவும் ஆம்ப்ளருக்குப் பட்டன. அவற்றைப் பகடி செய்யும் எண்ணத்தோடுதான் 1936இல் ‘தி டார்க் ஃப்ரன்டியர்’ என்ற முதல் நாவலை எழுதினார். ஒரு சிறிய பால்கன் நாடு ரகசியமாக அணுகுண்டு தயாரிக்கிறது என்பது அதன் கதை. ஹிரோஷிமாவுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே அப்படி ஒரு கற்பனை ஓர் இளம் விளம்பர எழுத்தாளருக்கு வந்திருக்கிறது.

1936 முதல் 1940 வரை ஆறு நாவல்கள். இன்று வரை அவர் பெயர் நிற்பதற்கு முதற்காரணம் அந்த ஆறுதான். இயன் ஃப்ளெமிங், ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ நாவலில் இஸ்தான்புல் செல்லும் விமானத்தில் ஜேம்ஸ் பாண்டின் கையில் ஆம்ப்ளரின் ஒரு நாவலைக் கொடுத்திருக்கிறார். கிரஹாம் கிரீனும் லெ காரேயும் தாம் அவருக்குப் பட்ட கடனைத் தயக்கமின்றிச் சொன்னவர்கள்.

கேள்வி: வீரமான கதாநாயகன் இல்லாமல் ஒரு த்ரில்லரை எப்படி விறுவிறுப்பாகக் கொண்டுபோக முடியும்?
— வாசகி, மதுரை

பதில்: சாகசக்காரன் மாட்டிக்கொண்டால் அவன் தப்பித்துவிடுவான் என்பது நமக்கு முதலிலேயே தெரியும். ஒரு பள்ளி ஆசிரியர் மாட்டிக்கொண்டால் அந்த உறுதி நமக்கு இல்லை. ஆம்ப்ளரின் விறுவிறுப்பு அங்கேதான் பிறக்கிறது.

1938இல் வந்த ‘எபிடாஃப் ஃபார் எ ஸ்பை’ நாவலைப் பாருங்கள். ஜோசஃப் வடாசி பாரிசில் மொழி கற்பிப்பவர். அவர் பிறந்த ஊர் முதல் உலகப் போருக்கு முன் ஹங்கேரியில் இருந்தது, போருக்குப் பின் யூகோஸ்லாவியாவுக்குப் போய்விட்டது, இப்போது இரண்டு நாடுகளும் அவரைத் தம் குடிமகனாக ஏற்பதில்லை. சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில் தெற்குப் பிரான்சின் கடற்கரை விடுதி ஒன்றுக்கு விடுமுறைக்கு வருகிறார். பல்லிகளைப் படம் எடுத்து, சுருளைக் கழுவித் தரும்படி ஊர் மருந்துக் கடையில் கொடுக்கிறார். திரும்பி வாங்கப் போகும்போது போலீஸ் காத்திருக்கிறது. சுருளில் பல்லிகளோடு தூலோன் கடற்படைத் தளத்தின் காவல் அரண்களும் பதிவாகியிருக்கின்றன. விடுதியில் அதே மாதிரியான இன்னொரு கேமரா வைத்திருக்கும் யாரோ ஒருவருடையதோடு அவருடையது மாறியிருக்கிறது. அந்த ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் ஆயிற்று, இல்லையென்றால் நாடு கடத்தல். ஆனால் அவரை ஏற்றுக்கொள்ளத்தான் எந்த நாடும் இல்லையே.

துப்பறியும் வேலைக்கு வடாசி சற்றும் பொருந்தாதவர். தடுமாறுகிறார், தவறான ஆள்களைச் சந்தேகிக்கிறார், ஒவ்வொரு கேள்வியாலும் தம்மீதே சந்தேகத்தை வரவழைத்துக்கொள்கிறார். பக்கத்துக்குப் பக்கம் நமக்கு உள்ளங்கை வியர்ப்பது துப்பாக்கியால் அல்ல, செல்லத்தக்க ஒரு கடவுச்சீட்டு அவரிடம் இல்லாததால்தான். அகதிகளும் நாடற்றவர்களும் ஐரோப்பாவின் அலுவலக வாசல்களில் வரிசையில் நின்ற ஆண்டுகளில், அவர்களில் ஒருவரைக் கதையின் நடுவில் நிறுத்தியது பொழுதுபோக்கு எழுத்தில் பெரிய துணிச்சல் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: ‘தி மாஸ்க் ஆஃப் டிமிட்ரியோஸ்’ நாவலை எல்லோரும் தலைசிறந்தது என்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?
— வாசகர், சேலம்

பதில்: 1939இல் வந்த இந்த நாவலில் துரத்தல் உண்டு, ஆனால் துரத்தப்படுபவன் தொடக்கத்திலேயே பிணமாகக் கிடக்கிறான். துப்பறியும் கதைகள் எழுதும் சார்லஸ் லாட்டிமர் என்ற ஆங்கிலேயர் இஸ்தான்புல்லில் கர்னல் ஹக்கி என்ற துருக்கியக் காவல் அதிகாரியைச் சந்திக்கிறார். துப்பறியும் கதைகள் என்றால் ஹக்கிக்கு உயிர். தாம் யோசித்து வைத்திருக்கும் ஒரு கதைக்கருவையும் லாட்டிமரிடம் ஒப்படைக்கிறார். பிறகு, உண்மையான கொலைகாரன் ஒருவனில் ஆர்வம் உண்டா என்று கேட்டு, பாஸ்பரஸ் நீரிணையிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு சடலத்தைப் பற்றிச் சொல்கிறார். பிணவறைக்குப் போய் அதைப் பார்க்கும் லாட்டிமர், இந்த மனிதனின் வாழ்க்கையைப் பின்னோக்கித் தேடிப் பார்த்தால் என்ன என்று புறப்படுகிறார்.

டிமிட்ரியோஸ் 1922இல் ஸ்மிர்னா நகரில் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) அத்திப்பழம் அடைக்கும் கூலித் தொழிலாளி. அந்த நகரம் பற்றி எரிந்த ஆண்டு அது. வட்டிக்குக் கொடுக்கும் ஒருவரைக் கொன்று, பழியை இன்னொருவன் தலையில் கட்டிவிட்டுத் தப்புகிறான். சோபியாவில் அரசியல் கொலைச் சதி, பெல்கிரேடில் உளவு, பாரிசில் போதைப்பொருள் வியாபாரம் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு படி மேலே ஏறுகிறான். முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடையே ஐரோப்பா எப்படி அழுகியது என்பதை ஒரே மனிதனின் குற்றப் பதிவேட்டின் வழியாக ஆம்ப்ளர் காட்டிவிடுகிறார்.

அரசியல் கொலைக்கும் போதைப்பொருளுக்கும் பின்னால் மரியாதைக்குரிய பெயர் கொண்ட ஒரு வங்கி நிற்கிறது. கொலையாளி காலப்போக்கில் அதன் இயக்குநர்களில் ஒருவனாகவே ஆகிறான். நன்மை, தீமை என்ற சொற்களால் இவனை விளக்க முடியாது, நல்ல வியாபாரம், கெட்ட வியாபாரம் என்பவையே இன்றைய வேதம் என்று லாட்டிமர் எண்ணும் இடம் ஒன்று உண்டு. ஆம்ப்ளரின் எழுத்துக்கே அடிப்படை அது என்பது என் துணிபு. அவர் உலகில் கொடுமை என்பது கோணல் சிரிப்புடைய பேய்மனிதனிடமிருந்து வருவதில்லை. கணக்குப் புத்தகத்திலிருந்தும், யாரோ எங்கோ போட்ட கையெழுத்திலிருந்தும் வருகிறது. எண்ணெய் உரிமைக்காக ஒரு நாட்டின் அரசியலை வளைக்கும் நிறுவனம் ‘அன்கமன் டேஞ்சர்’ நாவலில் வருகிறது. ‘காஸ் ஃபார் அலார்ம்’ நாவலில் வேலை இழந்த ஆங்கிலப் பொறியாளர் ஒருவர், பீரங்கிக் குண்டு தயாரிக்கும் இயந்திரங்களை விற்க மிலான் செல்கிறார்; தாம் விற்பது எதற்குப் பயன்படும் என்று அவர் கேட்டுக்கொள்ளாததே அவரை ஆபத்தில் இறக்குகிறது.

கேள்வி: மலாயா ரப்பர் தோட்டத்தைக் களமாக வைத்தும் அவர் எழுதியிருப்பதாக என் தந்தை சொல்வார். உண்மையா?
— வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: உண்மைதான். 1959இல் வந்த ‘பாசேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’ நாவல் அது. அதன் முதல் வாக்கியத்தை நான் பலமுறை வியந்து படித்திருக்கிறேன். தோட்டத்துத் துரைக்கு இந்த விவகாரத்தில் தெரிந்ததெல்லாம் மூன்றே செய்திகள்: பங்களாவுக்கு அருகில் ராணுவம் ஒரு கம்யூனிஸ்ட் கொரில்லாக் கும்பலைச் சுட்டு வீழ்த்தியது, ஐந்து மாதம் கழித்து மூன்று தார்ப்பாய்கள் களவு போனதாகத் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வந்து சொன்னது, அதற்கும் மூன்றாண்டு கழித்து, துரையின் பிள்ளைகளுடைய பழைய ஸ்கூட்டரின் சக்கரங்களை யாரோ கழற்றிக்கொண்டு போனது. இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் கதை.

கிரிஜா கிருஷ்ணன் என்ற அந்த இந்தியக் கிராணிக்கு வாழ்க்கையில் ஒரே கனவு, சொந்தமாகப் பேருந்து ஓட்டுவது. பேருந்து விலைப்பட்டியல் ஒன்றைப் பொக்கிஷமாக வைத்திருப்பவர். செத்துப்போன கொரில்லாக்கள் ஆயுதக் குவியல் ஒன்றை எங்கோ மறைத்திருக்க வேண்டும் என்று யோசித்து, தேடிக் கண்டுபிடித்து, தார்ப்பாயால் மூடிப் பாதுகாத்து, அவசரப்படாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். அந்த ஆயுதங்கள் சீன வணிகச் சகோதரர்களின் கை வழியாக மணிலா, சிங்கப்பூர் என்று பயணப்பட்டு, சுமத்ராவின் கிளர்ச்சியாளர்களை நோக்கிப் போகின்றன. உலகச் சுற்றுலா வந்த ஓர் அமெரிக்கர், சில தாள்களில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நம்பி மாட்டிக்கொள்கிறார். கம்யூனிஸ்டுகளுக்காக வந்த துப்பாக்கிகள் கம்யூனிச எதிர்ப்பாளர்களிடம் போய்ச் சேரும் வழியை, சரக்கு ரசீது முதல் தரகு வரை, ஆம்ப்ளர் விளக்கும் துல்லியம் வேறு எந்த த்ரில்லரிலும் நான் காணாதது.

தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை இதில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பால்மரம் வெட்டுபவர்களைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். ஆயினும் 1950களின் ஓர் ஆங்கில எழுத்தாளர், இந்தியக் கிராணி ஒருவரைக் கோமாளியாகவோ வேலைக்காரராகவோ ஆக்காமல், கதையிலேயே மிகக் கூர்மையான மூளை உடையவராக, நம் முழு மரியாதைக்கும் உரியவராகப் படைத்திருக்கிறார். பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் அவ்வாண்டின் சிறந்த நாவலாக இதைத் தேர்ந்தது.

கேள்வி: 1940க்குப் பிறகு நீண்ட காலம் அவர் நாவல் எழுதவில்லையாமே?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தம் பெயரில் அடுத்த நாவலை வெளியிட்டது 1951இல். போரில் பீரங்கிப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர், ராணுவத் திரைப்படப் பிரிவுக்கு மாறி லெப்டினன்ட் கர்னலாக வெளிவந்தார். பிறகு திரைக்கதை. ‘தி குரூயல் சீ’ படத்துக்கு எழுதிய திரைக்கதை ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. டைட்டானிக் மூழ்கியதைப் பற்றிய ‘எ நைட் டு ரிமெம்பர்’ படத்தின் திரைக்கதையும் அவருடையதே.

1951இல் திரும்பி வந்தபோது எழுதியது ‘ஜட்ஜ்மென்ட் ஆன் டெல்ட்சேவ்’. கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் அரசுகள் நடத்திய போலி விசாரணைகளைப் பற்றியது. போருக்கு முந்தைய நாவல்களில் சோவியத் உளவாளிகளை நல்லவர்களாகக் காட்டியவர் அவர் என்பதால், இடதுசாரி நண்பர்கள் சிலர் கடுங்கோபம் கொண்டார்கள். கண்ணெதிரே நடந்ததை மறைக்காமல் எழுதினார் என்பதே என் மதிப்பீடு.

கேள்வி: எந்த நாவலில் தொடங்குவது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ‘டிமிட்ரியோஸ்’ முதலில். அடுத்து ‘பாசேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’. மூன்றாவதாக 1962இன் ‘தி லைட் ஆஃப் டே’. ஏதென்ஸில் சுற்றுலாப் பயணிகளைச் சுரண்டிப் பிழைக்கும் ஆர்தர் அப்தெல் சிம்ப்சன், ஒரு காரை இஸ்தான்புல்லுக்கு ஓட்டிச் செல்லும்படி மிரட்டப்பட்டு, எல்லையில் அதன் கதவுகளுக்குள் ஆயுதங்களோடு பிடிபட்டு, துருக்கியப் போலீசின் ஒற்றனாகவும் ஆகிறார். ‘டாப்காபி’ என்ற பெயரில் 1964இல் படமாகி, சிம்ப்சனாக நடித்த பீட்டர் உஸ்தினோவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. படம் உற்சாகமானது, நாவலில் சிம்ப்சனே தன் வாயால் சொல்லும் சாக்குகளும் அவமானங்களும் படத்துக்குள் வர முடியாதவை, ஆகவே படம் பார்த்தவர்களும் நாவலைப் படிக்கலாம். ‘தி டார்க் ஃப்ரன்டிய’ரைக் கடைசிக்கு ஒதுக்கிவையுங்கள், மற்றவற்றைப் படித்த பிறகு அதன் பகடி இன்னும் நன்றாகச் சுவைக்கும்.