எஸ்எக்ஸ்740: முழு ஜூமில் படம் மங்குவது ஏன்?

வேடந்தாங்கலில் சாயங்காலம் எடுத்த நாரைப் படங்கள் முழு ஜூமில் மங்குது, கேமரா பழுதா, வித்துடலாமான்னு கேட்டிருந்தீங்க. பழுதில்லை சார். கேனான் எஸ்எக்ஸ்740 லென்ஸ் ஜூம் பண்ணாத 24 மி.மீ.ல எஃப்/3.3, முழு ஜூமான 960 மி.மீ.க்குப் போனா எஃப்/6.9 (எஃப் எண் ஏற ஏற உள்ளே வர்ற வெளிச்சம் குறையும்). வெளிச்சம் கால்வாசிகூடத் தேறாது. படத்தைப் பதியுற சென்சாரோ சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதனால ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) எகிறும், படத்துல புள்ளி புள்ளியா வரும், அப்புறம் கேமரா அந்தப் புள்ளிகளைத் துடைக்கிறேன்னு இறகோட வரிகளையும் சேர்த்துத் துடைச்சிடும். ரா (துடைக்காத மூலப் படத்தை அப்படியே சேமிக்கிற) வசதி இல்லாததால வீட்டுக்கு வந்தும் மீட்க முடியாது (எனக்கு இதுதான் பெரிய குறை).

காலை வெயில்ல போங்க. Tv மோடு (ஷட்டர் வேகத்தை நாமே வைக்கிறது), 1/500 வினாடி, ஜூம் 600 மி.மீ. பக்கம். கண்ணோட ஒட்டிப் பார்க்கிற வியூஃபைண்டர் கிடையாது, அதனால முழங்கையைக் கைப்பிடிச் சுவர்ல ஊனிக்குங்க. பறவை திரையை விட்டு நழுவினா ஃப்ரேமிங் அசிஸ்ட் பட்டனை அழுத்திப் பிடிங்க. ஜூம் விலகும், விட்டதும் பழைய இடத்துக்கே வரும். பறக்கிற பறவைக்கு ஆசைப்படாதீங்க. 299 கிராம்ல சட்டைப்பைக்குள்ள 40 மடங்கு ஜூம் வேற எங்க கிடைக்கும்? விக்க வேண்டாம்.