கூட்டத்துக்கு முன்னால் கிளினிக்

கேள்வி: நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறேன், வயது 38. பல வருஷமாகத் தினமும் குடி. காலையில் ஒரு மடக்கு உள்ளே போகாமல் கை நடுக்கம் நிற்பதில்லை. குடியை விட நினைப்பவர்களின் கூட்டத்துக்கு ஜோர்ஜ்டவுன் வரை போய்வர முடியவில்லை, கைத்தொலைபேசியிலேயே சேரலாமா? லைன் கிடைப்பது திடல் ஓரத்தில் மட்டும், கூட்டாளிகள் உட்கார்ந்து குடிப்பதும் அங்கேதான். இல்லை, காவடிக்கு விரதம் எடுத்து ஒரேயடியாக நிறுத்திவிடவா? – பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, கைத்தொலைபேசியில் தாராளமாகச் சேரலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது அந்தக் காலை நடுக்கமும் கடைசிக் கேள்வியும், அதனால் அதை முதலில் பேசிவிடுகிறேன்.

என் சித்தப்பா இப்படித்தான் தைப்பூசத்துக்கு விரதம் என்று ஒரே நாளில் நிறுத்தினார். மறுநாள் சாயங்காலம் தேநீர்க் கிளாஸ் கையில் நிற்காமல் ஆடி மடியெல்லாம் கொட்டியது, சட்டை வேர்வையில் நனைந்தது, விடியற்காலையில் வலிப்பு வந்து குளியலறையில் விழுந்தார். சாமி குற்றம் என்றார்கள் வீட்டில். அது சாமி குற்றம் இல்லை தம்பி. தினமும் குடிக்கிற உடம்பில், சாராயம் தருகிற மந்தத்தைச் சமாளிக்க மூளை எந்நேரமும் முறுக்கேறி ஓடப் பழகிவிடுகிறது, திடீரென்று சாராயம் நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சி நிற்கிறது. கடைசி மடக்குக்குப் பிறகு 6 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம், 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், 2 முதல் 4 நாளுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றல், இல்லாத உருவங்கள் தெரிவது எல்லாம் வரும். கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும்.

அதனால் டாக்டரைப் பார்க்கும்வரை நீங்களாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், ஆனால் நாளைக்கே பார்த்துவிடுங்கள். அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ஒரு ரிங்கிட்). கூச்சமாக இருந்தால் இந்த ஒரு மலாய் வரியை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்: ‘சாயா நாக் பெர்ஹெந்தி மினும் ஆராக், தாங்ஙான் சாயா மெங்கெலெத்தார்’ (குடியை நிறுத்த வேண்டும், எனக்குக் கை நடுங்குகிறது). எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் பாதியாகக் குறைத்துச் சொல்லாதீர்கள், மருந்தின் அளவு அதை வைத்துத்தான். நடுக்கத்துக்குச் சில நாள் மாத்திரையும் வைட்டமின் பி1-ம் தரலாம், இல்லை ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்லலாம், சொன்னால் படுத்துவிடுங்கள். வலிப்போ பிதற்றலோ வந்தால் மனைவி யாரிடமும் யோசனை கேட்காமல் 999 அழைக்க வேண்டும், இதை இன்றைக்கே அவரிடம் சொல்லி வையுங்கள். விரதத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, உடம்பு தெளிந்த பிறகு நிம்மதியாக எடுங்கள், முருகன் காத்திருப்பான்.

சரி, இனி கூட்டம். இந்தக் கூட்டங்களை நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1935-இல் அமெரிக்காவில் குடியால் நொந்த இரண்டு பேர் தொடங்கியது. கட்டணம் இல்லை, குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் நிபந்தனை. ஜூமில் கேமராவை அணைத்து, பெயரை மாற்றிப் போட்டு, இயர்போனோடு சும்மா கேட்கலாம், முதல் சில வாரம் வாயே திறக்க வேண்டாம். தமிழ்நாட்டுக் குழுக்கள் தமிழிலேயே நடத்தும் கூட்டங்களும் உண்டு, அங்கே 7 மணி என்றால் நமக்கு ஒன்பதரை. பணம் கேட்கிறவன், ‘குடியை மறக்கடிக்கும் பொடி’ விற்கிறவன் வந்தால் உடனே வெளியேறிவிடுங்கள்.

அப்புறம் அந்தத் திடல். குடியை விடுவது பற்றிக் கேட்க, குடிக்கிறவர்கள் நடுவில் போய் உட்காருவது நடக்காத காரியம். வீடியோவை அணைத்தால் கொஞ்ச லைனே போதும், முதலில் வேறு கம்பெனி சிம் ஒன்றை இரவல் வாங்கி வீட்டு வாசலில் போட்டுப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால், லைன் கிடைக்கிற ஒரு சொந்தக்காரர் வீட்டில் வாரம் இரண்டு ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார இடம் கேளுங்கள், காரணத்தைச் சொல்லியே கேளுங்கள். பெரும்பாலும் யாரும் மறுக்கமாட்டார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜோர்ஜ்டவுன் கூட்டத்துக்கு நேரில் போய்வர முடிகிறதா பாருங்கள். பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 2019-லிருந்து டோல் கிடையாது, எண்ணெய்க் காசு மட்டும்தான். ஆனால் அதெல்லாம் அடுத்த மாதம். நாளைக் காலையில் கிளினிக், டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.